மதினி வீட்டுக் காவல்

“போனைத் தாங்க மதினி. அவருட கோல் வந்திருக்கும்.”

“நடுக்கடல்ல ஏது சிக்னல்? மாத்திரையப் போடு.”

போன் அலுமாரிக்குள். சாவி றைஸாவின் இடுப்பில். ஷஃபீனாவுக்கு ஆத்திரமாக வந்தது.

எட்டாம் மாதத்தில் பிரஷர் ஏறியபோது கிளினிக் டாக்டர் விளக்கமாகச் சொன்னார். “பயந்தா, யோசிச்சா நரம்பெல்லாம் முறுக்கேறி நிக்கும். இரத்தக்குழாய் இறுகும். பிள்ளைக்குப் போற இரத்தமும் குறையும். மாத்திரையும் வேணும், நிம்மதியும் வேணும்.”

கணவன் இன்ஷாப் மீன்பிடிக்க ஆழ்கடலுக்குப் போகும் நேரம். அவனுடைய ராத்தா, கூடப்பிறந்த அக்கா றைஸா, கற்பிட்டியில் இருந்த தன் வீட்டுக்கே அவளைக் கூட்டி வந்துவிட்டாள். முதலில் நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நாளாகத்தான் இந்தக் கெடுபிடி. டிவி வயரும் பிடுங்கப்பட்டுவிட்டது.

அன்று பக்கத்து வீட்டு சிபானா கஞ்சியோடு வந்தாள். றைஸா கேட்டிலேயே மறித்தாள்.

“அவ தூங்குறா.”

‘நான் முழிச்சித்தானே இருக்கன்!’ உள்ளே ஷஃபீனா பல்லைக் கடித்தாள்.

“தம்பிட பொண்டாட்டியச் சிறை வெச்சிருக்கியா றைஸா?”

“ஓம். அப்பிடியே வெச்சுக்க.”

கேட் சாத்தப்பட்டது. றைஸா சிரித்துக்கொண்டே வந்து, ஷஃபீனாவின் தலையில் எண்ணெய் வைத்து, ஊர்க்கதை சொல்லத் தொடங்கினாள்.

‘தம்பி கடல்ல கிடக்கிறாரு. இவவுக்குச் சிரிப்பு! புள்ள பொறக்கட்டும், இந்த வாசல மிதிக்க மாட்டன்.’

ஆனால் பிரஷர் ஏறவில்லை. கிளினிக்கில் டாக்டருக்கே சந்தோஷம். “மாத்திரை வேலை செய்யுது. வீட்லயும் ஆரோ நல்லாப் பாக்கிறாங்க.”

நல்லாப் பாக்கிறாங்களாம்! ஷஃபீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. வார்டே அதிரக் கத்தியது. தாயும் சுகம், பிள்ளையும் சுகம்.

மறுநாள் பார்வையாளர் நேரம். குழந்தையை ஏந்திக்கொண்டிருந்த றைஸா வாசலைப் பார்த்தாள். சட்டென்று குழந்தையை ஷஃபீனாவின் பக்கத்தில் கிடத்திவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள்.

வாசலில் தாடியும் வெடித்த உதடுமாய் இன்ஷாப். அவன் தோளைப் பிடித்தபடி றைஸாவின் கணவன் நஸீம்.

“அல்ஹம்துலில்லாஹ்!” இன்ஷாப் மகளை வாரி எடுத்தான். “என்ட செல்லத்தப் பாக்கக் குடுத்து வெச்சிருக்கே!”

“என்ன நடந்த? ஏன் இந்தக் கோலம்?”

“எஞ்சின் நிண்டு போட் இழுபட்டுப் போயிட்டு புள்ள. தண்ணியும் முடிஞ்சி, மௌத்துதான் எண்டு நினைச்சம். உடப்பு ஊர் மீன்பிடி ஆக்கள் கண்டு கட்டி இழுத்துட்டு வந்தாங்க. எங்களக் காணல்ல எண்டு டிவியில எல்லாம் சொன்னாங்களாமே, நீ பாக்கல்லியா?”

‘எங்கள’ என்றதும் ஷஃபீனா நஸீமைப் பார்த்தாள். “மச்சான் கொழும்புக்குப் போயிருக்காரு எண்டுதானே மதினி சொன்னாங்க?”

“ஆள் குறையுது எண்டு கடைசி நேரத்துல நானும் ஏறினன் புள்ள,” என்றான் நஸீம்.

ஷஃபீனா மெல்லக் கையை நீட்டி றைஸாவைத் தொட்டாள்.

“மச்சானும் அந்தப் போட்லயா? எப்பிடி மதினி சிரிச்சீங்க?”

றைஸா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“ரெண்டு பேரும் அழுதா, பிள்ளையக் காப்பாத்துறது ஆரு?”