பச்சைக்கு அடியில்

பழைய கட்டடத்துக்குப் பெயிண்ட் அடிப்பதென்றால் முதலில் அதன் தோலை உரிக்க வேண்டும். மேலே இருந்த மஞ்சள், இது லாட்ஜாக இருந்த காலத்தது. அதைச் சுரண்டியதும் பச்சை வந்தது.

"ஆஸ்பத்திரிப் பச்சை. என் தங்கச்சி இந்த ரூம்லதான் பொறந்தா," என்றார் வாட்ச்மேன். "அதுக்கு முன்னாடி அச்சாபீஸ். அதுக்கும் முன்னாடி என்ன இருந்துச்சோ, யாருக்குத் தெரியும்?"

என் மச்சினனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஏணியிலிருந்து இறங்கும்போது பெயிண்ட் கையைக் கதவோரச் சுவரில் ஊன்றிவிடுவான். வீட்டுக்கு வீடு திட்டியிருக்கிறேன். காதில் போட்டுக்கொண்டால்தானே!

பச்சைக்கு அடியில் அச்சாபீஸின் சாம்பல் நிறம். அதையும் சுரண்டியபோது கதவோரத்தில் ஒரு கைத்தடம் தெரிந்தது. காலையில் நாங்கள் கலந்து மூடி வைத்த அதே வெளிர்நீலம். அந்த வாளியை அதற்குப் பிறகு திறக்கவே இல்லை.

"டேய், இங்க வா. இதுல கைய வை."

சிரித்துக்கொண்டே வலது கையை வைத்தான். உள்ளங்கைத் தழும்பு வரைக்கும் அச்சு அசலாகப் பொருந்தியது. ஆனால் சுவரில் இருந்த கைக்கு மோதிர விரல் மட்டும் இல்லை.

"பாவம், யாரோ விரல் போனவன்," என்றான். "ஏணி ஆடுது மாமா. முட்டுக் குடுக்க ஒரு கட்டை அறுத்துட்டு வந்துடறேன்."

அவன் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. "வேண்டாம்டா!" என்று கத்தினேன். பக்கத்து அறையில் தச்சரின் ரம்ப மிஷின் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தது.