சோதனை ஊசி

தோளில் மரத்துப்போகச் செய்யும் ஊசியைப் போடும்போதே டாக்டர் சொல்லியிருந்தார். வலி நின்றால் இந்த நரம்புதான் காரணம், அடுத்த வாரமே பொசுக்கிவிடலாம். நிற்காவிட்டால் தன்னிடம் வேறு வழியில்லை.

அரைமணி கழித்து வந்து, "எப்படிம்மா இருக்கு?" என்றார்.

நான்கு வருஷத்து வலி இம்மியும் குறையாமல் அப்படியே இருந்தது.

"வலி சுத்தமா இல்லீங்க டாக்டர்," என்றாள் மரகதவல்லி.

"எங்க, கையத் தூக்கிக் கொண்டை போடுங்க பாப்போம்."

தினமும் அவளுக்குத் தலைவாரிவிடும் கணவன் பக்கத்தில்தான் நின்றான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினாள். கண் இருட்டியது. விடாமல் கூந்தலைச் சுற்றி முடிந்துவிட்டாள்.

டாக்டர் குனிந்து ஏதோ எழுதினார். அவள் உதட்டில் ரத்தம் கசிந்தது. கணவன் நகர்ந்து அவளை மறைத்து நின்றுகொண்டு கேட்டான்:

"பொசுக்குறதுக்கு எந்தக் கிழமை வரணும் டாக்டர்?"