போயிட்டு வரேன்

பொம்மனஹள்ளி வாடகை வீட்டில் பரணிதரன் தன் கையாலேயே ஒரு ஏற்பாடு செய்திருந்தான். வாசலில் நின்று "போயிட்டு வரேன்" என்றால் ஹால் விளக்கும் ஃபேனும் அணையும். "பத்திரமா போயிட்டு வாங்க" என்று ஸ்பீக்கர் வழியனுப்பும். திரும்பி வந்து "வந்துட்டேன்" என்றால், "வாங்க வாங்க" என்று இரண்டையும் போடும்.

முதலில் டிவி சீரியலில் யார் கிளம்பினாலும் வீடு இருண்டது. மனைவி தாரணி தலையில் அடித்துக்கொண்டாள். மைக்கை வாசல்பக்கம் திருப்பி ஒருவழியாக அதைச் சரிசெய்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் இருவரும் சோபாவில் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். டிவி ஓடவில்லை. விளக்கு அணைந்தது.

"பத்திரமா போயிட்டு வாங்க."

வாசலில் யாருமில்லை. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

பரணிதரன் குஷியாக ஸ்க்ரூடிரைவரை எடுத்து மைக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினான். "இனிமே இப்படி ஆகாது."

"அதெப்படிங்க? வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்காங்களே," என்றாள் தாரணி.

மறுநாள் மசமசவென்று இருட்டும் நேரம். விளக்குப் போடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். ஹால் விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஃபேன் சுழன்றது.

"வாங்க வாங்க."

மைக் இப்போது பிரமாதமாகக் கேட்கிறது என்று பரணிதரனுக்குப் பெருமையாக இருந்தது. தாரணி சோபாவில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.