ஒரு விரற்கணு

இடுப்புக்கூட்டின் பின்புறம் முன்னோக்கிப் புடைத்திருக்கும் எலும்பு, உள்ளே நீட்டிய விரல்நுனிக்குத் தட்டினால் குழந்தை வரும் வழி குறுகல், தட்டாவிட்டால் தாராளம். டாக்டர் தமயந்தி பதினெட்டு வருடங்களாக இப்படித்தான் பார்த்துவந்தார். பிரசவ வலியில் கிடந்த இசக்கியம்மாளைப் பரிசோதித்தபோதும் தட்டவில்லை.

“வழி நல்லா இருக்கு. முக்கும்மா, வந்துரும்.”

இரண்டு மணி நேரமாகியும் தலை இறங்கவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக் கத்திக் கத்தி இசக்கியம்மாளின் குரல் கம்மிவிட்டது. ஒவ்வொரு வலிக்கும் குழந்தையின் இதயத்துடிப்பு சரிந்து, மறுபடி ஏற நேரம் எடுத்துக்கொண்டது. அந்த மாதம்தான் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் ரூபவதி, யாரையும் கேட்காமல் கையுறை மாட்டிப் பரிசோதித்தாள்.

“எனக்கு எலும்பு தட்டுது டாக்டர்.”

“எனக்குத் தட்டலையே. உனக்கு மட்டும் எப்படித் தட்டும்?”

ரூபவதி கையுறையைக் கழற்றி, உள்ளங்கையை டாக்டரின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தாள். டாக்டர் எரிச்சலோடு தன் கையை அதன்மேல் பொருத்தினார். மணிக்கட்டோடு மணிக்கட்டு சேர்ந்திருக்க, ரூபவதியின் நடுவிரல் ஒரு கணு மேலே நின்றது.

“ஆபரேஷன் தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லு.”

ரூபவதி ஓடத் திரும்பினாள். டாக்டரின் சிறிய விரல்கள் அவள் கையை இறுக்கிக்கொண்டன.

“போன வாரம் குழந்தை செத்துப் பொறந்துச்சே, அந்தப் பொண்ணுக்கும் நான்தானே வழி பாத்தேன்?”

“கையை விடுங்க டாக்டர்.”