யார்கிட்ட வெட்டினீங்க?

குரங்கு டீச்சர் நடத்திய அழகுக்கலைப் பள்ளியில் சேர்ந்து ஒரு வருஷமாகியும் வெள்ளாட்டுக்குக் கத்தரி பிடிபடவில்லை. வெட்டின முடியைக் கூட்டி அள்ளாமல் மென்றுவிடும் பழக்கம் வேறு. டீச்சரின் முதல் நாள் பாடம் மட்டும்தான் அதன் மண்டையில் நின்றது.

"கத்தரியை எடுக்குறதுக்கு முன்னாடி முடியைத் தொட்டுப் பாரு. உச்சுக்கொட்டு. 'யார்கிட்ட வெட்டினீங்க, இப்படிக் கெடுத்து வச்சிருக்காங்களே'ன்னு கேளு. அப்புறம் நீ எப்படி வெட்டினாலும் பழி உன்மேல வராது."

இன்று பரீட்சை. தேறாவிட்டால் பழையபடி மந்தைக்குத்தான் போக வேண்டும். நாற்காலியில் கரடியம்மா வந்து உட்கார்ந்தது. ஆடு அதன் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்து உச்சுக்கொட்டியது.

"ஐயையோ, யாருங்க இதுல கை வச்சது? கொத்திப் போட்டிருக்காங்களே!"

"உங்க டீச்சர்தான். போன வாரம்."

வகுப்பே டீச்சரைத் திரும்பிப் பார்த்தது. குரங்கு மட்டும் அசரவில்லை. எழுந்து வந்து, தானும் முடியைத் தொட்டு உச்சுக்கொட்டியது.

"என்கிட்ட வர்றப்பவே இப்படித்தான் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி யார்கிட்டம்மா போனீங்க?"

"யார்கிட்டயும் போனதில்லையே. பொறந்தப்போ எங்கம்மா நக்கிவிட்டதோட சரி."

குரங்கு வாயைத் திறக்குமுன் ஆடு முந்திக்கொண்டது.

"அதானே பார்த்தேன்! கோர்ஸ் படிக்காதவங்கள நக்க விட்டா இப்படித்தான் ஆகும்!"

குரங்கு அந்த நிமிஷமே சான்றிதழில் கையெழுத்துப் போட்டது.