டாக்டர் சொன்னதும் சொல்லாததும்

துரை என் மனைவியின் விரலிலிருந்து பட்டாணிக்காயைப் பறித்துக்கொண்டார்.

துரை என்பது எங்கள் கிளி. நான்கு மாதமாகச் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தவர், இன்று மாலை பால்கனியில் எங்கள் பக்கம் திரும்பி, ஒரு காலால் காயைப் பிடித்து, தோலை உரித்துத் தரையெல்லாம் துப்பினார். மார்பில் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தானே இறகைப் பிடுங்கிப் போட்டிருந்த இடத்தில் இப்போது புதுக்குருத்து விட்டிருக்கிறது.

என் மனைவி சிரித்தாள். சத்தமாக.

நான் இரண்டு வேலைகளுக்கு நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வந்தவன். தோளில் கருவிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஒரு வருஷமாவது இருக்கும்.

அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. இணைய இணைப்பு போய்விட்டது என்று கத்துகிறவர்களுக்குக் காலையிலிருந்து பதில் சொல்ல வேண்டும். யார் யாரோ திட்டுவார்கள், இவள் மன்னிப்புக் கேட்பாள். திரையில் வெளிச்சம் அடிக்கிறது என்று ஜன்னலை மூடினாள். பிறகு சாப்பாடும் அந்த மேசைக்கே போனது. பிறகு வாசல் பக்கம் வருவதும் நின்றது. கல்யாணமான புதிதில் என்னை வாயைத் திறக்கவிடாமல் பேசியவள், நான் பத்து வார்த்தை பேசினால் ஒரு ‘ம்’ போட்டாள். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் புண்.

கூண்டு அவள் மேசைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டு, இன்னொருவர் சுவரைப் பார்த்துக்கொண்டு. ஒரே அறையில் இரண்டு பேரும் தங்களைத் தாங்களே பிய்த்துக்கொண்டிருந்தார்கள்.

உன்னை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்றால், எனக்கென்ன கேடு என்பாள். கிளியைக் கூட்டிப்போகட்டுமா என்றதும், இன்றைக்கே போங்கள் என்றாள்.

போனேன். கிளி டாக்டர் தொலைபேசி எண் கேட்டார். வழக்கம்போல அவள் எண்ணைக் கொடுத்தேன். நான் லிஃப்ட் மெக்கானிக். என் செல்போன் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கானது. அதில் வேறு யாரும் குறுக்கே வரக் கூடாது.

திரும்பி வந்து டாக்டர் சொன்னதைச் சொன்னேன். திரைச்சீலையை விலக்க வேண்டுமாம். மாலை ஆறு மணிக்கு ஹெட்போனைக் கழற்றிவிட்டு, வளர்க்கிறவரே அரை மணி நேரம் பால்கனியில் கிளியோடு உட்கார வேண்டுமாம். சும்மா உட்கார்ந்தால் போதாது, ஏதாவது பேசவும் வேண்டும். கிளி தனியாகச் சாப்பிடாது, எதிரில் ஒருவர் தட்டோடு உட்கார்ந்து முழுசாகச் சாப்பிட வேண்டும். காலையில் கூண்டோடு தெருமுனை வரை போய்வர வேண்டும். அப்புறம், வளர்க்கிறவர் நகம் கடித்தால் கிளி அதைப் பார்த்துத்தான் இறகைப் பிடுங்குமாம்.

அந்தக் கடைசி விஷயத்தை அவள் முகத்தைப் பார்க்காமல், கூண்டைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. சரி என்றாள். மறுநாளே ஜன்னல் திறந்தது.

இப்போது சொல்லிவிடுகிறேன். டாக்டர் இதில் பாதியைக்கூடச் சொல்லவில்லை. விதையைக் குறைத்துப் பழமும் காயும் கொடுங்கள், வெயில் படட்டும், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் வையுங்கள் என்றார், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வரும்போது நான் கட்டியது. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்கிறார்கள். செய்துகொண்ட கல்யாணத்துக்காக நாலைந்து சொன்னால் குற்றமா?

தொழிலில் கற்றது இது. லிஃப்டில் மாட்டியவரிடம் வெளியே வாருங்கள், வாருங்கள் என்று கத்தக் கூடாது. வேறு எதையாவது பேசிக்கொண்டே கதவை நகர்த்த வேண்டும். திறந்த பிறகும் பிடித்து இழுக்கக் கூடாது. அவராகக் கை நீட்டும்வரை நிற்க வேண்டும்.

இருபத்திரண்டு நாள் நின்றேன்.

சட்டைப்பையில் செல்போன் அடித்தது. அடுத்த கட்டடத்துக்காரர். ஆள் யாரும் மாட்டவில்லை, கதவு சரியாக மூடவில்லையாம். நாளைக்குப் பார்த்தாலும் ஒன்றும் முழுகிப்போகாது. ஆனால் பழக்கதோஷம், இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினேன்.

“கொஞ்சம் இருங்க,” என்றாள். “டாக்டர் இன்னொண்ணும் சொன்னாரே, மறந்துட்டீங்களா? வீட்டுக்காரர் தினம் எட்டு மணிக்குள்ள வீட்ல இருக்கணுமாம். இல்லன்னா கிளி தேறாதாம்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரைப் பார்க்கப் போனது நான் மட்டும்தானே.

அவள் கை நீட்டினாள். விரல் நுனிப் புண்ணெல்லாம் ஆறியிருந்தது. கையில் அவளுடைய செல்போன்.

டாக்டர் அனுப்பிய மருந்துச் சீட்டு. விதையைக் குறைக்கவும். பழம், காய், இளவெயில், ஆள் நடமாட்டம். அதற்கு மேல் ஒரு வரி இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் எப்படி முழிப்பானோ, அப்படித்தான் முழித்திருப்பேன்.

சீட்டுக்குக் கீழே ‘நன்றி டாக்டர்’ என்று அவள் பதில் போட்டிருந்தாள். நான் கூண்டோடு போன அதே நாள். நேரம் காலை பதினொன்றேகால்.

அன்றைக்கு நான் வீட்டுக்குத் திரும்பியதே பகல் பன்னிரண்டு மணிக்கு.