மெதுவாவே போங்கண்ணே

“இன்னும் கொஞ்சம் தூரம்தாம்மா. அண்ணன் வூட்டுக்குப் போய்டலாம்.”

பின் சீட்டில் நீலாவதி தன் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கம்பளியை நெற்றிவரை இழுத்துவிட்டாள். கிழவி பாஞ்சாலைக்கு விஷக் காய்ச்சல், கண்ணே திறக்கவில்லை என்று சொல்லித்தான் ஜமுனாமரத்தூரில் அக்கம்பக்கத்தார் தூக்கிவந்து ஜீப்பில் ஏற்றியிருந்தார்கள்.

எண்பத்து நான்காம் வருஷத்து ஐப்பசி மழை. மலைக்கு வரும் ஒரே பஸ்ஸும் காலையிலிருந்து வரவில்லை. டிரைவர் கோபால்சாமிக்கு எதிரே பத்தடி தெரியவில்லை. வைப்பர் பேருக்கு ஆடிக்கொண்டிருந்தது. செகண்ட் கியரைவிட்டு மாற்றாமல், வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தபடி, பிரேக்கை மிதிக்கவே பயந்து இறங்கினார்.

“இப்படிப் போனா ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள பொழுது போய்டும்மா. இன்னா பண்றது, ரோடு வழுக்குது.”

“மெதுவாவே போங்கண்ணே.”

பாதி மலையில் காட்டாறு ரோட்டின்மேல் செக்கச்செவேல் என்று புரண்டுகொண்டிருந்தது. கோபால்சாமி இறங்கி, முழங்கால்வரை நனைந்து, குச்சி விட்டுப் பார்த்தார். தைரியமாக விட்டால் தாண்டியும்விடலாம். மூன்று பேரும் பள்ளத்தில் கிடக்கவும் கிடக்கலாம்.

“தண்ணி வடியட்டும்மா” என்றார்.

ஓர் உயிர் ஊசலாடும்போது வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய பாவம் உண்டா? தண்ணீரையும் கிழவியையும் மாறி மாறிப் பார்த்தார். பொறுக்கமுடியாமல் பிளாஸ்க்கில் இருந்த டீயை நீட்டினார்.

“அம்மாவுக்கு ஒரு வாய் குடும்மா. சூடா இருக்குது.”

“வேணாண்ணே, எறங்காது.” நீலாவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒருவழியாக வெள்ளம் வடிந்து, சந்தவாசலில் அவள் அண்ணன் முனியன் வீட்டு வாசலில் ஜீப் நின்றபோது வெளிச்சம் மங்கத் தொடங்கியிருந்தது. முனியனையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவதாகத்தான் பேச்சு. ஓடிவந்தவன் அம்மாவின் கையைத் தொட்டான். தொட்ட வேகத்தில் அலறிவிட்டான்.

“ஜில்லுனு கீதே! கொஞ்சம் முன்ன வந்திருந்தா பொழச்சிருக்குமே! இன்னாய்யா வண்டி ஓட்டுற நீ?”

கோபால்சாமிக்கு இத்தனை வருஷமாக மலையில் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டிய பெருமையெல்லாம் அந்த நிமிஷம் வெறும் கோழைத்தனமாகத் தோன்றியது. சேற்றிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார்.

“நான்தாம்மா கொன்னுட்டேன். அந்தத் தண்ணில வண்டிய விட்டிருக்கணும். பயந்துட்டேன். இந்தப் பாவத்த எங்க போய்த் தொலைப்பேன்?”

முனியன் அவர் சட்டையைப் பிடித்தான். நீலாவதி பாய்ந்து வந்து அவன் கையை விலக்கிவிட்டு, கோபால்சாமியின் காலில் விழுந்தாள்.

“பொணம்னு சொன்னா நீங்க ஏத்தியிருக்க மாட்டீங்களேண்ணே!”